நடுப்பங்கு

ஆதாவின் தலையில் இன்றைக்கென்று பார்த்து இத்தனை பேன். கவிழ்த்துப்போட்ட மாட்டுத்தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, எட்டு வயது மகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து, இர்மா எலும்புச் சீப்பை உச்சியில் வைத்து இழுத்தாள். சீப்பின் பல்லில் ஒன்று வந்தது, கொழுத்தது, கால்களை ஆட்டிக்கொண்டு. நகத்தில் வைத்து நசுக்கினாள். நாலு வயது பெப்போ தொட்டியின் இன்னொரு முனையில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் தலையை முதலிலேயே முடித்தாயிற்று, ஆண்பிள்ளைத் தலையில் என்ன இருக்கிறது, பத்து இழுப்பு. மடத்துப் பண்ணை முற்றத்தில் அவர்களுக்கு முன்னால் ஏழு குடும்பம் நின்றது. ஏழா, எட்டா, அந்தக் கூன் விழுந்த மனுஷன் தனியாக வந்தவனா, யாரோடாவது சேர்ந்தவனா, எண்ணும்போதெல்லாம் ஒன்று கூடியது, இல்லாவிட்டால் குறைந்தது. வரிசையின் தலைப்பில் மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பக்கம் மடத்துக் காரியஸ்தர், இன்னொரு பக்கம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த பிரபுவின் காரியஸ்தர், நடுவில் மை தொட்டு எழுதுகிற ஓர் இளம் துறவி. மூன்று பேரும் ஒரே பெஞ்சில். அதுதான் ஆகாது. இந்த இரண்டு காரியஸ்தர்களும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, இர்மாவுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால். சீப்பு ஒரு சிக்கில் மாட்டியது. ஆதா பல்லைக் கடித்தாள். "ஆடாதே." "நான் ஆடலை. நீதான் பிடுங்குறே."

முந்தாநாள் ஆடுமாடு, நேற்று தேன்பெட்டி, இன்றைக்குப் பிள்ளைகள். பெரிய சக்கரவர்த்தியின் பேரன்கள் மூன்று பேரும் மூன்று வருஷம் அடித்துக்கொண்டு, ஊர் ஊராக ஆள் செத்து, கடைசியில் பிராங்க் ராஜ்யத்தை மூன்று துண்டாக அறுத்துக்கொண்டார்கள். ஸ்கால்ட் ஆற்றுக்கு அந்தக் கரை கடைசித் தம்பிக்கு. இந்தக் கரையிலிருந்து நெடுந்தூரம் வரைக்கும் மூத்தவனுக்கு, அதற்கு நடுப்பங்கு என்று பேர். அதையும் தாண்டிக் கிழக்கே நடுவிலவனுக்கு. மூத்தவனுக்கு நடு, நடுவிலவனுக்கு ஓரம், பங்கு போடத் தெரிந்தவன் போட்ட பங்கா இது என்று இர்மா அன்றைக்குச் சிரித்திருக்கிறாள். ராஜாக்கள் பிரித்தால் பிரித்துக்கொள்ளட்டும், ஆறு எப்போதும்போல ஓடுகிறது, ஓடத்துக்காரன் எப்போதும்போல மூக்கு ஒழுகிக்கொண்டு துடுப்புப் போடுகிறான், நமக்கென்ன. நமக்கென்ன என்றவள் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வந்தது. இர்மா மடத்துக்கு உரியவள், பிறப்பிலேயே. அவள் புருஷன் உர்சோ அக்கரைப் பிரபுவுக்கு உரியவன், பிறப்பிலேயே. இப்படி இரண்டு எஜமானுக்கு உரியவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்றில் இரண்டு அப்பனின் எஜமானுக்கு, ஒன்று அம்மாவின் எஜமானுக்கு. தலைப்பிள்ளையும் கடைப்பிள்ளையும் அங்கே, நடுப்பிள்ளை இங்கே. இத்தனை நாளும் அது வெறும் பேச்சு. யாருக்கு உரிய பிள்ளையானாலும் ஒரே குடிசையில் ஒரே போர்வைக்குள் தூங்கும், உர்சோ வாரத்தில் நாலு நாள் அக்கரையில் உழுதுவிட்டு ஓடம் ஏறி வந்துவிடுவான், வழக்கம் தன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். இப்போது இரண்டு கரைக்கும் இரண்டு ராஜா. அவரவர் ஆள் அவரவர் மண்ணில் இருக்க வேண்டும், குளிர்காலத் தொடக்கத்தில் வருகிற மார்ட்டின் திருநாளுக்குள். உர்சோ அறுவடைக்கே அங்கே போய்விட்டான். இன்றைக்கு அவன் பங்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். அதோ, அவன் காரியஸ்தருக்குப் பின்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்த காளை மாதிரி. இந்தப் பக்கம் பார்க்க மாட்டேன் என்கிறான். பார்க்காதே. பார்த்தால் உன் மூஞ்சியில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்.

அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் அவள் விழுந்தாள். ஓடத்துறையில் பன்றி ஒன்று தண்ணீரில் குதித்துவிட, அவன் அதைத் துரத்திக்கொண்டு போய் இடுப்பளவு ஆற்றில் நின்று அவள் பக்கம் ஏதோ கத்தினான், அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவன் பேச்சு ரோமானியப் பேச்சு, மூக்கு வழியாக உருண்டு வரும். அவள் பேச்சு இந்தக் கரைப் பேச்சு, தொண்டையில் பிறப்பது. மடத்துச் சாமியார்கள் அதை ஒரு பாஷை என்றே சொல்வதில்லை, சனங்கள் பேசுவது என்பார்கள், அவ்வளவுதான், ஆடு கத்துவது, சனங்கள் பேசுவது. எழுத்து கிடையாது. எழுத்தெல்லாம் லத்தீனுக்கு. கல்யாணமான முதல் குளிர்காலம் முழுக்க உர்சோவும் அவளும் கையைக் காட்டிக் காட்டியே குடும்பம் நடத்தினார்கள். உப்புக்கு ஒரு விரல், விறகுக்கு இரண்டு. அப்புறம் அவன் அவள் வார்த்தையில் பாதியும் அவள் அவன் வார்த்தையில் பாதியும் எடுத்துக்கொண்டார்கள், சண்டை மட்டும் அவரவர் பேச்சில். பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஆதா பால்குடிக்கும்போதே அப்பனிடம் அப்பன் பேச்சு, அம்மாவிடம் அம்மா பேச்சு. இந்தக் காது ஒன்று, அந்தக் காது ஒன்று. காதைச் சொன்னால் ஞாபகம், இடது காதுக்குப் பின்னால் ஒரு புண் இருக்கிறதே. சொறிந்து சொறிந்து ஆக்கிக்கொண்ட புண், பொருக்கு இன்னும் ஆறவில்லை. இர்மா அந்த இடம் வரும்போது சீப்பைத் தூக்கிக்கொண்டு, விரலால் முடியைப் பிரித்தாள். இதெல்லாம் ஒருத்தரும் ஒரு ஏட்டிலும் எழுதி வைப்பதில்லை, எந்தப் பிள்ளைக்கு எங்கே புண் என்று. வலது பக்கம் முடித்து மூன்றாகப் பிரித்துப் பின்னிக் கம்பளி நூலால் கட்டினாள். இன்னும் இடது பக்கம். முன்னால் ஐந்து குடும்பம்.

நடுப்பிள்ளை கிஸ்லா. கிஸ்லா இப்போது இருந்தால் ஆறரை வயது. இருந்தால். பதினாலு மாசக் குழந்தை, நாலு பல், புல் அறுக்கிற வாரத்தில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டது. உர்சோ அக்கரையில் இருந்தான். இர்மா தானே ஆற்றோரத்து வில்லோ மரத்தடியில் குழி தோண்டினாள், ஈர மண், சுலபமாக வந்தது. சாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் மடத்துக்குத் தெரியும், மடத்துக்குத் தெரிந்தால் தறிக்கூடம். மடத்துக்கு உரிய பிள்ளை ஒன்று கையில் இருக்கிற வரைக்கும்தான் மடத்துப் பெண் தன் குடிசையில் இருக்கலாம். பிள்ளை இல்லாதவளைத் தறிக்கூடத்துக்குள் விட்டு வெளியே தாழ் போட்டுவிடுவார்கள், இருபது பெண்கள், ஆளிநார்த் தூசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளிச்சம். ஆதா இருக்கிறாளே என்றால் ஆதா மடத்துக்கு உரியவள் இல்லை, அக்கரைக்கு உரியவள், அவளை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். அதனால் சொல்லவில்லை. அதற்காகத்தான். வேறு எதற்காக. அந்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை என்பதெல்லாம் வசதியாகப் பிள்ளை பெற்றவர்கள் சொல்வது, அவள் தறிக்கூடத்துக்குப் பயந்துதான் சொல்லவில்லை. மார்ட்டின் திருநாளுக்கு மடத்துக் காரியஸ்தர் தலை எண்ண வந்தார். குடிசை வாசலில் நின்று, "கிஸ்லா எங்கே?" என்றார். இர்மா ஆதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து காட்டினாள். "நல்லா வளர்ந்திருக்கே," என்றார். "எங்க வீட்டுக் கஞ்சி அப்படி," என்றாள். அவ்வளவுதான். அவர் மடத்துத் தலையை மட்டும் எண்ணுவார், பிரபு வீட்டுத் தலை அவர் வேலை இல்லை. ஈஸ்டருக்கு ஆதா ஓடம் ஏறி அக்கரை போவாள், அங்கே அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அப்பன் பேச்சில் "ஆதா" என்பாள், அந்தக் காரியஸ்தர் எழுதிக்கொள்வார். மார்ட்டின் திருநாளுக்கு இங்கே அம்மா பேச்சில் "கிஸ்லா" என்பாள், இந்தக் காரியஸ்தர் எழுதிக்கொள்வார். ஐந்து வருஷம். ஊருக்கே தெரியும். ஊரில் யார் வீட்டில் ஒளித்த பன்றி இல்லை. மேசைக்கு மட்டும்தான் தெரியாது.

பின்னால் நின்ற வால்டா கழுத்தை நீட்டி ஆதாவின் தலையைப் பார்த்தாள். வால்டாவின் குடிசை அடுத்த வேலி. அவளும் அவள் புருஷனும் ஒரே மடத்துக்கு உரியவர்கள், பிள்ளைகள் பிரியப் போவதில்லை, வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி மடியில் கொட்டை வைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். "ஏண்டி, இந்தப் பேனை எல்லாம் அக்கரைக்கு அனுப்பறதா, இங்கே வெச்சுக்கறதா? அதுக்கும் மூணுல ரெண்டுதானே?" இர்மா சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும், எப்போதும் வரும், அழுகிற இடத்தில்கூட முந்திக்கொண்டு வந்து நிற்கும். "கொழுத்ததெல்லாம் பிரபுவுக்கு. ஈரு மட்டும் மடத்துக்கு," என்றாள். வால்டா குனிந்து காதோரம், "என்ன சொல்லப் போறே?" என்றாள். "என்ன சொல்றது. பொறந்தது மூணு, இருக்கறது ரெண்டு." "அது சரி. பேரு?" "பேருதானே," என்றாள் இர்மா. வால்டா கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு, "ஆமா, பேருதானே," என்று நிமிர்ந்துகொண்டாள். பேர்தானே. ஆதா செத்துப்போனாள் என்று சொல்லிவிட வேண்டியது. போன ஈஸ்டருக்கு அப்புறம் என்று, காய்ச்சல், எத்தனை பிள்ளைகள் காய்ச்சலில் போகிறது. இதோ நிற்கிறவள் கிஸ்லா, நடுப்பிள்ளை, மடத்துக்கு உரியவள், என்னோடு இருப்பாள். பெப்போ அப்பனோடு போவான். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இதைவிட நியாயமாக எந்த ராஜா பங்கு போட்டான். உர்சோவிடம் அறுவடைக்கு முன்னாலேயே பேசியாயிற்று. அவன் ரொம்ப நேரம் அரிவாளைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பேச்சில், "நான் அங்கே நின்னு எம் பொண்ணு செத்துட்டான்னு கேட்டுக்கிட்டு சிலுவை போட்டுக்கணும், அதானே?" என்றான். "ஆமா." "சரி." பிறகு, அவள் பேச்சில், "பாவம் இல்லையா?" "யாரு எழுதி வெச்சிருக்கான் பாவம்னு." அப்படித்தான் சொன்னாள். எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது.

முன்னால் நாலு குடும்பம். மேசையில் ஒருத்தி கையைச் சிலுவை மேல் வைத்துக்கொண்டு துறவிக்குப் பின்னால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அது இங்கே வரைக்கும் கேட்டது. என் வயிற்றில் பிறந்தது இத்தனை. அதில் இருப்பது இத்தனை. செத்தது இத்தனை. செத்ததின் பேர் இது. ஒளித்தது ஒன்றும் இல்லை. இந்தக் கரைப் பேச்சில். காலையில் வந்தபோது இர்மா அதைக் கேட்டு, யாரோ வரிசையில் வம்பு பேசுகிறார்கள் என்று நினைத்தாள். இத்தனை நாளும் சத்தியம் என்றால் லத்தீன். சாமியார் ஏதோ நீளமாக மெல்லுவார், கடைசியில் இவள் ஆமென் என்பாள், உள்ளே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும், மூடின பானையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. ஐந்து வருஷமாகக் கிஸ்லா இருக்கிறாள் என்று லத்தீனில் ஆமென் சொல்லியிருக்கிறாள், ஒரு நாளும் தொண்டை அடைத்ததில்லை. புரியாத பேச்சில் சொன்னது பொய்யிலே சேருமா. சேராது. ஆனால் இந்த முறை பிறகு யாரும் எனக்குப் புரியவில்லை என்று சொல்லக் கூடாதாம், அதனால் இந்த இளம் துறவி, இந்தக் கரையில் பிறந்தவன்தான், யாரோ தோல் பதனிடுகிறவன் மகனாம், சனங்கள் பேசுகிற பேச்சையே லத்தீன் எழுத்தில் பிடித்துப் போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் அண்ணன் ராதோ சொன்னது ஞாபகம் வந்தது. மடத்து வண்டியை ஓட்டிக்கொண்டு எந்த ராஜாவுக்கு என்றே தெரியாமல் படையோடு போனவன். "பனியில நிக்க வெச்சுட்டாங்க இர்மா. தம்பி ராஜாக்க ரெண்டு பேரும் அண்ணனுக்கு எதிரா சத்தியம் பண்ணினாங்க. இவன் அவன் ஆளுங்க பேச்சுல, அவன் இவன் ஆளுங்க பேச்சுல. ஒரு ராஜா நாம பேசற மாதிரி பேசினான். கோழி வெரட்டற பேச்சுல. ஒருத்தன் அதை எழுதிக்கிட்டான்." அன்றைக்கு அதைக் கேட்டு அவளுக்கு என்னவோ பெருமையாகக்கூட இருந்தது, ராஜா வாயில் நம் வார்த்தை என்று, கஞ்சி காய்ச்சிக்கொண்டே இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். அவன் பேச்சில் இவன், இவன் பேச்சில் அவன். நான் ஒரே ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்கிறேன், எனக்கு யாரும் படை கொடுக்கவில்லை. ஆயிரம் வருஷமாக எழுத்து இல்லாமல் கிடந்த பேச்சு. அதற்கு எழுத்து வந்தது, வந்து முதல் வேலையாக என் வாசலில் நிற்கிறது, உன் பிள்ளை எங்கே என்று.

"அம்மா." "ம்." "நான் செத்துட்டேன்னு சொல்லுவியா?" ஆதா திரும்பவில்லை, பின்னாத பாதித் தலையோடு மேசையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். இர்மா குரலைத் தாழ்த்தினாள். "பேருக்குத்தான். நீ எங்கூடவே இருப்பே. ஒரு பேரைத்தான் விடறோம். மார்ட்டின் திருநாளுக்கு எப்பவும் சொல்றதுதானே." "அது அன்னிக்கு மட்டும். மறுநாள் நான் ஆதா ஆயிடுவேன்." "இனிமே மறுநாள் கிடையாது." ஆதா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது தோள் இரண்டும் உயரும், சீப்பில் அது தெரிந்தது. "பெப்போ தலையை யாரு வாருவா?" "அப்பா." "அப்பாவுக்கு வாரத் தெரியாது. வைக்கோல் அள்ற மாதிரி அள்ளுவார்." "கத்துக்குவார்." "அம்மா." "என்னடி." "நான் கிஸ்லா ஆயிட்டா, அப்ப கிஸ்லா எங்கே போவா?" சீப்பு நின்றது. வில்லோ மரத்தடியில். அங்கேதான் இருக்கிறாள், எங்கே போவாள். மேலே புல் முளைத்து, அந்தப் புல்லை மாடு மேய்ந்து, மறுபடி முளைத்து. ஒரு மெழுகுவத்தி வைத்ததில்லை, ஒரு ஜெபம் சொன்னதில்லை, இருக்கிறவளுக்கு எப்படி ஜெபம் சொல்வது, ஏட்டில் அவள் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டிருக்கிறாளே, ஆறரை வயது, நல்ல உயரம், கஞ்சி அப்படி. இன்றைக்குச் சொல்லிவிட்டால் சாகவே மாட்டாள். கல்யாணம்கூட ஆகிவிடும் அவளுக்கு. "கிஸ்லா ஒண்ணும் சொல்ல மாட்டா," என்றாள் இர்மா. "எப்படித் தெரியும்?" "பேசக் கத்துக்கலைடி அவ." அது உண்மை இல்லை. ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தாள். தண்ணீர் என்று. இந்தக் கரைப் பேச்சில், தொண்டையிலிருந்து, பாதி விழுங்கி. அந்த மூன்றாம் நாள் மத்தியானம் அதைத்தான். போதும். சீப்பை எடு. இடது பக்கம் இன்னும் பிரிக்கவே இல்லை, முன்னால் இரண்டே குடும்பம், ஒன்றே குடும்பம், இந்தக் கூன் விழுந்தவன் தனியாகத்தான் வந்திருக்கிறான், அவனுக்கு எண்ண எதுவும் இல்லை, அவன் சீக்கிரம் முடித்துவிடுவான். பிறந்தது மூணு. இருக்கறது ரெண்டு. செத்தது ஒண்ணு. எண்ணிக்கை அத்தனையும் சத்தியம், யார் வந்து கேட்டாலும் சத்தியம். பேர் ஒன்றுதான். ஆதா. இரண்டே எழுத்து. வாயைத் திறந்தாலே பாதி வந்துவிடும். ஆ. அப்புறம் நாக்கைக் கொஞ்சம் பல்லில் தட்டினால் போதும். ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாமா. வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இரு. "வா," என்றார் மடத்துக் காரியஸ்தர்.

மேசை மேல் ஒரு சிறிய மரச்சிலுவை, நாள் முழுக்கக் கை பட்டுப் பிசுபிசுவென்று இருந்தது. உர்சோ நாலு அடி தூரத்தில். புதுச் செருப்பு போட்டிருக்கிறான், அக்கரையில் யார் கொடுத்தது. துறவிக்கு மூக்கு நுனியில் மை. பக்கத்தில் பார்த்தால் பச்சைப் பிள்ளை, இருபது இருக்குமா. "பயப்படாதேம்மா, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு," என்றான், அவள் பேச்சிலேயே, பக்கத்து வீட்டுக்காரன் உப்புக் கேட்கிற மாதிரி. இர்மா கையை வைத்தாள். "என் வயித்துல பொறந்தது மூணு." துறவி எழுதினான். "அதுல இருக்கறது ரெண்டு." எழுதினான். "செத்தது ஒண்ணு." மடத்துக் காரியஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். அக்கரைக் காரியஸ்தர் தன் ஏட்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார், அவருக்கு இந்தப் பேச்சு பாதிதான் புரியும். உர்சோ வலது கையைத் தயாராக நெற்றிப் பக்கம் கொண்டுபோய்விட்டான், முட்டாள், அவசரம், பேர் சொல்வதற்குள். "செத்ததின் பேர்," என்றான் துறவி. செத்ததின் பேர் என்று திருப்பிச் சொன்னாள் இர்மா. ஆ என்று வாய் திறந்தது. திறந்த வாயில் தன் பேச்சு இருந்தது, தினமும் கோழி விரட்டுகிற, மாவு இரவல் கேட்கிற, பிள்ளைகளைத் திட்டுகிற பேச்சு. அந்த மத்தியானம் இதே பேச்சில்தான் ஒரு பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேரைச் செத்தவள் பேராக ஒரு தடவையும் சொன்னதில்லை. ஐந்து வருஷம் அது அங்கேயே, நாக்குக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தது. "கிஸ்லா," என்றாள். துறவியின் பேனா நின்றது. "கிஸ்லா, சாமி. புல் அறுக்கற வாரத்துல. காய்ச்சல். நாலு பல்லு மொளைச்சிருந்தது. தண்ணி கேட்டா, நான் கொடுத்தேன், கொடுக்காம இல்லே." இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. நிறுத்து என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், நிறுத்தவும் செய்தாள், அப்புறம், "ஒளிச்சது ஒண்ணும் இல்லே," என்று முடித்தாள், அது சத்தியத்தில் இருந்த வரி, அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மடத்துக் காரியஸ்தர் ஏட்டைப் புரட்டினார். "மார்ட்டின் திருநாளுக்கு நான் பார்த்தேனே. ஐந்து வருஷமாப் பார்க்கறேனே," என்றார். அவர் விரல் ஆதாவை நோக்கி நீண்டது. "இதுதானே கிஸ்லா?" ஆதா அந்த விரலைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். "நான் ஆதா," என்று அம்மா பேச்சில் சொன்னாள். திரும்பி அக்கரைக்காரரிடம் அப்பன் பேச்சில் இன்னொரு தடவை சொன்னாள். அக்கரைக் காரியஸ்தருக்கு இப்போது முழுக்கப் புரிந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப ரெண்டும் எங்களது. தலைப்பிள்ளை, கடைப்பிள்ளை. நடுப்பங்கு மடத்துக்கு, வெச்சுக்கோங்க." உர்சோவின் கை நெற்றிக்கும் மார்புக்கும் நடுவே எங்கேயோ நின்றுவிட்டது. முடிப்பதா விடுவதா என்று தெரியாமல் மெல்ல இறக்கி, தொப்பியைப் பிடித்துக்கொண்டான். மடத்துக் காரியஸ்தருக்கு முகம் சிவந்திருந்தது, ஆனால் அக்கரைக்காரர் முன்னால் கத்துவது கௌரவம் இல்லை. "உன் பங்கு செத்துப்போச்சு, பொம்பளே. நாளைக் காலையில தறிக்கூடம். குடிசைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துடு." அவள் குடிசைக்குச் சாவி கிடையாது, ஒரு கயிறுதான். அதைச் சொல்லலாமா என்று நினைத்தாள், சிரிப்பு வரப் பார்த்தது. துறவி மட்டும் எழுதினதைத் திருப்பிப் படித்துக் காட்டினான், அப்படிப் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அவள் சொன்னது அப்படியே வந்தது, அவள் குரல் இல்லாமல். "எது அவ பேரு?" என்றாள். அவன் காட்டினான். ஏட்டுத் தோலின் மேல் பொடிப்பொடியாக, ஈர் ஒட்டின மாதிரி நாலைந்து கறுப்பு. அவள் கட்டைவிரல் நகம் தானாக அதன் மேல் போயிற்று. நசுக்காமல் விரலை எடுத்துக்கொண்டாள்.

ஓடத்துறை வரைக்கும் அவளைப் போக விட்டார்கள். வால்டா கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டாள், அதைத் தவிர அவளால் ஆனது ஒன்றும் இல்லை. பெப்போவுக்கு ஓடத்தில் போகிற சந்தோஷம், அம்மா நாளைக்கு வருவாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், உர்சோவாகத்தான் இருக்கும், அவனுக்குப் பொய் சொல்ல இப்போதுதான் வருகிறது. சீப்பை ஆதாவிடம் கொடுத்தாள். ஆதா அதைப் பெப்போவின் மூட்டைக்குள் சொருகினாள், எல்லாம் முன்பே பேசி முடித்துவிட்டது மாதிரி. ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீ ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்றோ, கிஸ்லா பேரை ஏன் சொன்னாய் என்றோ. கேட்டால் இர்மாவுக்கு என்ன தெரியும். ஆதா என்று சொல்லியிருந்தால் இந்நேரம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம், இடது பக்கத்தையும் பின்னி முடித்திருக்கலாம். ஒரே ஒரு பேர். நாக்கைத் தட்டியிருந்தால் போதும். செத்தவளுக்கு விசுவாசமாக இருந்து இருக்கிறவளை அனுப்பினவள் இந்த ஆற்றங்கரையில் வேறு எவள் இருப்பாள். ஓடத்துக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு துடுப்புப் போட்டான். ஆதாவின் தலையில் ஒரு பக்கம் பின்னல் தொங்கியது, இன்னொரு பக்கம் காற்றில் பறந்து கண்ணை மறைத்தது. நடு ஆற்றில் உர்சோ அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, உழுகிற கையால் அந்த முடியை மொத்தமாக அள்ளினான். வைக்கோல் அள்ளுகிற மாதிரி. இர்மா தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிவிட்டாள். "காதுக்குப் பின்னால புண்ணு இருக்கு, பார்த்து," என்று கத்தினாள். அவள் பேச்சில்தான் வந்தது, காற்றில் பாதி போயிற்று, அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன என்பது போல் தலையைத் தூக்கினான். ஆதா இந்தக் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அப்பன் பக்கம் திரும்பி, அப்பன் பேச்சில், அதைச் சொன்னாள். உர்சோவின் கை நின்றது. அப்புறம் ஒரு விரலால், மெதுவாக, முடியைப் பிரித்தான்.